நீலகிரியில் குடிக்குச் சிகிச்சை: எங்கே போவது, என்ன கொண்டுபோவது, எவ்வளவு ஆகும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் என் அண்ணன் வேலை பார்க்கிறான். அவனுடைய குடிக்குச் சிகிச்சை ஆரம்பிப்பதற்குள் எங்கள் வீடு பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. விசாரித்த இடத்திலெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். இருபது நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயத்தை யாரும் கோர்வையாகச் சொல்லவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்: டாக்டர் முதலில், தனியார் போதை மீட்பு சென்டர் அப்புறம். நம் ஊரில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். யாரோ கொடுத்த நம்பருக்கு போன் போட்டு, கீழே சமவெளியிலிருந்து வேன் வரவழைத்து, நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். அதே சிகிச்சையின் முதல் பகுதி, அதாவது உயிருக்கு ஆபத்தான பகுதி, அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கிறது.

1. வீட்டில் வைத்து திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள்

"ரூமில் போட்டுப் பூட்டு, ரெண்டு நாளில் சரியாகிவிடும்" என்று சொல்லும் பெரியவர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். தினமும் குடிக்கிறவருக்கு அது உயிரோடு விளையாடுகிற வேலை.

கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரை இன்னொரு கண்டம் இருக்கிறது. ஆள் குழம்பிப்போய், இல்லாத பூச்சியைச் சுவரில் பார்ப்பார், காய்ச்சல் அடிக்கும், யாரையும் அடையாளம் தெரியாது. பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவது இந்தக் கட்டத்தில்தான். இது பேயல்ல, மூளை குடி இல்லாமல் தவிப்பது. மருந்து கொடுக்காவிட்டால் இதில் இறந்துபோனவர்கள் உண்டு.

ஃபிட்ஸ், பிதற்றல், ரத்த வாந்தி, மஞ்சள் காமாலை, தற்கொலைப் பேச்சு: இவற்றில் எது வந்தாலும் ஓ.பி. நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் ஊருக்குள் சிக்னல் கிடைக்காது என்றால், எந்த மேட்டில் நின்றால் போன் போகும் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். நம் மலையில் வண்டி வந்து சேர நேரமாகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொரு பொறி. பக்கத்து கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க, தெம்பு வரும்" என்று கேட்பது நம் வழக்கம். நெடுநாள் குடித்தவர் உடம்பில் பி1 வைட்டமின், அதாவது தயாமின், வற்றிப்போயிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். எந்த டாக்டரிடம் போனாலும் "தினமும் குடிக்கிறவர்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். கௌரவம் பார்க்கிற இடம் இதுவல்ல.

குளிருக்குத்தான் குடிக்கிறேன் என்பதும் நம் மலையில் நிரந்தர வசனம். சாராயம் தோலுக்கடியில் ரத்தக் குழாயை விரிக்கும். சூடு ஏறுவதுபோல் தோன்றும், உண்மையில் உடம்புச் சூடு வெளியேறும். வாதாடுவதற்காகச் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

2. முதல் கதவு எது

மனநலப் பிரிவு. பெயரைக் கேட்டதும் "அவன் என்ன பைத்தியமா" என்று வீட்டில் சண்டை வரும். வரட்டும். குடி, போதைக்கான சிகிச்சை இருப்பது அங்கேதான்.

உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குன்னூர்க்காரர்கள் லாலி மருத்துவமனையிலும், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்க்காரர்கள் அந்தந்த அரசு மருத்துவமனையிலும் முதலில் கேட்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல டாக்டர் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார். எந்தக் கிழமை என்பது மாறும். அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய்தோ, ஊர் நர்ஸம்மாவிடம் கேட்டோ உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மறுக்கும் ஆளை எப்படியோ பஸ் ஏற்றிக் கூட்டி வந்து, "இன்னிக்கு டாக்டர் வர்ற நாள் இல்லீங்களே" என்று கேட்பதுபோல் கொடுமை இல்லை. அடுத்த முறை அவர் பஸ் ஏறவே மாட்டார்.

கூடலூர்ப் பகுதி ஆதிவாசிக் குடும்பங்களுக்கு அங்குள்ள ஆதிவாசி மருத்துவமனை பழகிய இடம். அங்கே ஆரம்பித்து எழுதி வாங்கிக்கொண்டு மேலே போகலாம்.

2025இல் தமிழக அரசு மருத்துவமனைகள் 25இல் "கலங்கரை" என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் திறந்தார்கள். உங்களை வேறு ஊருக்கு அனுப்பினால் இந்தப் பெயரைச் சொல்லி, "அது அருகில் எங்கே இருக்கிறது" என்று கேளுங்கள். உடல்நிலை சிக்கலாக இருந்தால் பொதுவாகக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

நேரில் போவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமானால் இரண்டு இலவச எண்கள்: அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்றில்லை, வீட்டில் இருப்பவர் பேசலாம்.

3. அளவைக் கணக்கெடுங்கள்

"எவ்வளவு குடிப்பீங்க?" என்று டாக்டர் கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் "ஒரு கட்டிங் சார், எப்பவாவது". மருந்தின் அளவை அந்தப் பதிலை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். குறைத்துச் சொன்னால் மருந்து போதாமல் ஃபிட்ஸ் வரலாம்.

இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. 2022இலிருந்து இங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். அதனால் பலர் பாட்டிலைத் தோட்டத்தில் வீசுவதில்லை, கோணிப்பையில் சேர்த்து வைக்கிறார்கள். எங்கள் வீட்டு விறகுக் கொட்டகையில் இருந்த கோணியை அண்ணி கொட்டி எண்ணினாள். ஒரு வாரத்துக் கணக்கு அப்படியே கிடைத்துவிட்டது. 180 மில்லி குவார்ட்டரா, பீரா என்று பிரித்து எழுதிக்கொண்டு போங்கள்.

கூடவே இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசியாகக் குடித்த நேரம், காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டியிருக்கிறதா, முன்பு நிறுத்தியபோது ஃபிட்ஸ் வந்ததா, சர்க்கரை, பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, பாக்கு, பீடி, கஞ்சா. கடைசியில் வருவதை மறைக்க வேண்டாம். டாக்டர் போலீஸ் இல்லை.

4. என்னென்ன எடுத்துப்போவது

நோயாளியின் ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, பழைய ஓ.பி. சீட்டுகள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும். ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) உள்ளவர் அந்த அட்டை. கூட இருக்கப் போகிறவரின் ஆதார் தனியாக வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல். ஆதாரோடு இணைத்த செல்போன் கையில் இருக்கட்டும், பதிவு செய்யும் இடத்தில் ஓடிபி கேட்டால் அலைய வேண்டாம்.

ஆதார் இல்லை என்பதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். அவசரத்தில் முதலில் சிகிச்சை, காகிதம் பிறகு.

துணி: இரண்டு ஸ்வெட்டர், குல்லாய், சாக்ஸ். இரவில் வார்டு சில்லென்று இருக்கும், நடுங்குவது குளிராலா, குடி இல்லாததாலா என்று நமக்கே குழம்பும். பிளாஸ்க் ஒன்று. பணம் மட்டும் நோயாளி கையில் வேண்டாம்.

5. முதல் நாள் எப்படிப் போகும்

காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். மதியத்துக்குள் புறநோயாளிப் பிரிவு ஓய்ந்துவிடும், அந்த நேரத்தில்தான் டாஸ்மாக்கும் திறக்கிறது, பன்னிரண்டு மணிக்கு. கிளம்பும் நேரத்தை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

காலையில் நடுக்கம் அதிகமிருந்தால் வழியில் "ஒரே ஒரு ரவுண்டு" கேட்பார். பஸ் ஸ்டாண்டில் நின்று இதைப் பேசித் தீர்க்க முடியாது. ஒரு ஆண் துணையோடு போவது நல்லது. குடித்திருந்தாலும் பரவாயில்லை, கூட்டிப் போங்கள். குடித்த ஆளைப் பார்க்க மாட்டோம் என்று கவுண்டரில் யாராவது சொன்னால், சண்டை போடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய் எப்போதிலிருந்து என்னென்ன அறிகுறி என்று சொல்லுங்கள்.

எங்கள் அண்ணனை டாக்டர் இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். நீட்டிய விரல்கள் மேல் ஓ.பி. சீட்டை மெதுவாக வைத்தார். சீட்டு படபடவென்று அடித்துக்கொண்டு கீழே விழுந்தது. அதுவரை "எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அந்தச் சீட்டைக் குனிந்து எடுத்தான், அப்புறம் பேசவில்லை. ஒரு மணி நேரம் அறிவுரை சொன்னாலும் நடக்காதது அது.

ரத்தப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன். பிறகு வார்டில் சேர்ப்பதா, வீட்டிலிருந்தே மாத்திரையா என்று முடிவு செய்வார்கள். முன்பு ஃபிட்ஸ் வந்தவர், பெரிய அளவு குடிப்பவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் ஆகியோரைச் சேர்ப்பார்கள். பொதுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள். குளோர்டையஸிபாக்ஸைடு, லோரசிபாம் போன்ற மருந்தை முதலில் அதிகமாகக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். முதல் மூன்று நாள் மருந்தால் அதிகம் தூங்கலாம்.

அந்த மாத்திரைச் சீட்டை வைத்து வெளியில் தாமாகத் தொடர்ந்து வாங்கிச் சாப்பிடக் கூடாது. அதுவே இன்னொரு பழக்கமாகிவிடும்.

கூட ஒருவர் இரவும் தங்க வேண்டியிருக்கும். வீட்டில் யார் யார் எந்த நாள் என்று சேர்க்கும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் இரவில்தான் எல்லோரும் களைத்திருப்பீர்கள், கவனம் அதிகம் வேண்டியதும் அன்றுதான்.

6. வரமாட்டேன் என்றால்

பெரும்பாலும் வரமாட்டார். இரவு குடித்திருக்கும்போது கேட்காதீர்கள். காலையில், தலைவலியும் வெட்கமும் இருக்கும் நேரத்தில், ஒருவர் மட்டும் கேளுங்கள். "குடியை விட வா" என்பதைவிட "வயித்துக்கும் தூக்கத்துக்கும் ஒரு தடவை காட்டிட்டு வரலாம்" என்பதற்குச் சம்மதிப்பவர்கள் அதிகம். அது பொய்யும் இல்லை. அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் போய் மனநலப் பிரிவில் கவுன்சலரைப் பாருங்கள். எங்கள் அண்ணி முதலில் தனியாகத்தான் போனாள்.

சட்டம் தெரிந்துகொள்வது நல்லது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 குடி, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புக்கும் பொருந்தும். தானாக வந்து சேருவதுதான் வழக்கமான முறை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருந்தாலோ, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத அளவுக்குப் போயிருந்தாலோ, குடும்பத்தில் அவருக்கு நியமனப் பிரதிநிதியாக (சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் பேசுபவராக) இருப்பவர் விண்ணப்பித்து, மனநல டாக்டர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்த பிறகு, 30 நாள் வரை சேர்க்கலாம். இரவில் நாலு பேர் வந்து கை காலைக் கட்டி வேனில் தூக்கிப் போடுவதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. அப்படித் தூக்கிப்போன ஆள் திரும்பி வந்த பின் வீட்டில் யாரையும் நம்புவதில்லை என்பதைப் பக்கத்து லைன் வீட்டிலேயே பார்த்தோம்.

"அவருக்கே தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் வரும் பொடிகள் பக்கம் போகவே போகாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரை கலந்திருந்து, அதன் மேல் அவர் குடித்தால், முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அந்த மாத்திரையை டாக்டர் எழுதித் தருவதுண்டு, ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, சம்மதித்துத்தான்.

அடி, உதை இருந்தால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. சிகிச்சைக்குச் சம்மதிக்கும் வரை அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

7. செலவு

அரசு மருத்துவமனையில் ஓ.பி., படுக்கை, மருந்து இலவசம். நமக்கு ஆவது போக்குவரத்து, கூட இருப்பவரின் சாப்பாடு, இரண்டு பேரின் சம்பள இழப்பு. கடைசியில் சொன்னதுதான் பெரிய தொகை.

தனியார் சென்டர்களில் நாங்கள் விசாரித்தபோது மாதம் 12,000இலிருந்து 40,000 வரை சொன்னார்கள். மருந்து, ரத்தப் பரிசோதனை, "வேன் சார்ஜ்" தனி. மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். பாதியில் வந்துவிட்டால் என்ன திருப்பித் தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எங்களிடம் ஒரு இடத்தில் அந்தக் கேள்விக்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

தனியார் காப்பீட்டை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் பாலிசியில் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். குடி, போதை சிகிச்சை பெரும்பாலும் அதில் இருக்கும்.

8. சென்டர் தேவைதான் என்றால்

சிலருக்குத் தேவை. வீடும் வேலையும் கூட்டாளிகளும் குடியைச் சுற்றியே இருந்தால், இரண்டு மூன்று மாதம் விலகி இருப்பது உதவும். ஆனால் மருத்துவமனையில் மருந்து கொடுத்துக் குடியை நிறுத்தும் முதல் பகுதி முடிந்த பிறகு.

நேரில் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா? மனநல டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார்? இரவில் ஃபிட்ஸ் வந்தால் எங்கே கொண்டுபோவார்கள்? படுக்கைகளையும் கழிப்பறையையும் காட்டச் சொல்லுங்கள். "உள்ளே விட மாட்டோம், முதல் மாதம் போன் கிடையாது" என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். வீட்டோடு பேச, சொந்த உடை உடுத்த அவருக்கு உரிமை இருக்கிறது. கட்டாயமாக மொட்டை அடிப்பது, சங்கிலியில் கட்டுவது, சம்பளமில்லாமல் வேலை வாங்குவது எல்லாம் சட்டப்படி கூடாது.

சமவெளியிலிருந்து உறவினர் கார் எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்தால் இ-பாஸ் பதிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். அரசுப் பேருந்துக்கும் நம் மாவட்டப் பதிவான டிஎன் 43 வண்டிக்கும் அந்தத் தொல்லை இல்லை.

9. வேலையும் லீவும்

ஃபேக்டரியில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால், முன்பு போதுமான நாள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு ஈஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழ் வேண்டும், ஆகவே சேர்த்த உடனேயே டிஸ்பென்சரியில் தகவல் சொல்லுங்கள். எஸ்டேட், டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரி வழியாக எழுதி வாங்கினால் சிக் லீவுக்கு வழி இருக்கும். மருத்துவச் சான்றிதழில் குடி என்று எழுத வேண்டுமா என்று கவலைப்பட்டால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், நோயாளியின் ரகசியத்தைக் காப்பது அவர் கடமை.

பச்சைத் தேயிலைக் காசு வரும் நாள், போனஸ் வாரம், ஊர்ப் பண்டிகை: இவற்றுக்கு முன்பே சேர்த்துவிடப் பாருங்கள். பண்டிகை முடியட்டும் என்று தள்ளினால் அடுத்த பண்டிகை வந்துவிடும்.

10. பையன்களின் கஞ்சா, மாத்திரை விஷயம்

வழி அதேதான், மனநலப் பிரிவு. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போடுபவர்களுக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைப் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். 18 வயதுக்குள் என்றால் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும், கூடவே தங்க வேண்டும். வழக்குப் பயம் இருந்தால், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இருந்தாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு அதில் விலக்கு உண்டு.

11. வீட்டுக்கு வந்த பிறகு

பத்து நாளில் ஆள் தெளிந்துவிடுவார். முகம் தெளிவாக, பசியோடு, "இனிமே தொடவே மாட்டேன்" என்பார். இங்கேதான் குடும்பங்கள் சிகிச்சையை நிறுத்துகின்றன. ஆசையைக் குறைக்கும் மருந்தும் கவுன்சலிங்கும் மாதக் கணக்கில் போக வேண்டியவை.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்காமல் வார்டை விட்டு வராதீர்கள். அதை லேமினேட் செய்யாதீர்கள், அடுத்த டாக்டர் அதில் எழுத வேண்டியிருக்கும். போனில் படம் எடுத்து வையுங்கள்.

டைசல்ஃபிராம் எழுதியிருந்தால், நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அது உடம்பில் வேலை செய்யும். இருமல் டானிக் வாங்கும்போது சாராயம் கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரியும், கூடலூர் பக்கம் மரம் விழும், பஸ் நிற்கும். வடகிழக்கோ தென்மேற்கோ, உங்கள் பக்கம் எந்த மழை பலமோ அதற்கு முன் வரும் செக்கப்பில் "கூடுதலாகப் பதினைந்து நாள் மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். காரணத்தைச் சொன்னால் எங்களுக்குக் கொடுத்தார்கள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணமில்லை, பெயர் கேட்பதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம். பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று கவுன்சலரிடம் கேளுங்கள், ஆன்லைனிலும் நடத்துகிறார்கள்.

மறுபடி குடித்துவிட்டால், பலர் குடிக்கத்தான் செய்கிறார்கள், அன்றைக்கே வீட்டுப் பஞ்சாயத்தைக் கூட்டாதீர்கள். டைசல்ஃபிராம் எடுத்துக்கொண்டிருந்தவர் என்றால் உடனே அவசரப் பிரிவு. மற்றவர்களை மறுநாள் காலையில் அதே ஓ.பி.க்கு, அதே டிஸ்சார்ஜ் சம்மரியோடு கூட்டிப் போங்கள். புதிதாகப் பதிய வேண்டியதில்லை, பழைய நம்பரே போதும்.